தீட்டா இருக்க வேண்டிய இடம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் சௌக்கியம். இருமல் மட்டும் ஆலையின் பெயின்ட் வாடையோடு வந்து, வாடையோடு போகிறது. உங்கள் கழுத்து வலி எப்படி இருக்கிறது? புது அறையில் தலையணை உயரம் ஒத்துக்கொண்டதா?

புது முகவரியை அண்ணன்தான் கொடுத்தான். துண்டுச்சீட்டில் எழுதி, சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பிக்குக் கீழே வைத்துவிட்டு, "இனிமே அவ அங்கதான் இருப்பா" என்று சொல்லிக் கை கழுவப் போய்விட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? பிறகு உங்களுக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறமும் செய்தேன். அப்புறமும் அடித்தது.

இப்போது எழுதுவது வேறு விஷயமாக. மே மாதம் பெயின்ட் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் கூடும் கண்காட்சி ஒன்று நடக்கிறது. எங்கள் ஆய்வகம் கண்டுபிடித்ததை ஒரு பெரிய பலகையில் வைக்கச் சொல்லி மேலாளர் என் தலையில் கட்டிவிட்டார். விஷயம் எளிது. காய்ந்த பெயின்ட்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவோம். துளி முத்துப்போல் நின்றால் நல்ல பூச்சு. பரவிப் படுத்துவிட்டால் சுவர் நனையும். துளியின் ஓரத்துக்கும் பூச்சுக்கும் நடுவே உள்ள கோணத்தை அளக்கிறோம். அந்தக் கோணத்துக்குப் பெயர் தீட்டா.

வரைபடத்தின் நிமிர்ந்த அச்சில் θ என்று வர வேண்டும். திரையில் வருகிறது. தாளில் அச்சிட்டால் அந்த இடத்தில் ஒரு காலிக் கட்டம் வருகிறது. மேலாளர் பார்த்துவிட்டு, "என்னம்மா, கோணத்தை அளந்தியா, பெட்டியை அளந்தியா?" என்கிறார்.

ஆராய்ச்சி இதழ்களுக்கு வரும் படங்களையெல்லாம் திருத்துவதே உங்கள் வேலை. உங்களை விட்டால் நான் யாரைக் கேட்பேன்? தாளில்தான் கெடுகிறது என்பதால் தாளையே இத்துடன் வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வாண்டு

*

ஜனவரி 27

வாண்டுவுக்கு,

கழுத்து பரவாயில்லை. இருமலுக்கு முகக்கவசம் போட்டுக்கொள். மேசை இழுப்பறையில் வைத்தால் அது இருமலைத் தடுக்காது.

காலிக் கட்டம் வருவதற்குக் காரணம், அச்சிடும் இடத்தில் இருக்கும் எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை என்பதுதான். கணினி தன்னிடம் இல்லாத எழுத்தைக் கேட்டால், 'இங்கே ஏதோ ஒன்று இருக்க வேண்டும், என்னவென்று எனக்குத் தெரியவில்லை' என்று கட்டம் போட்டு வைக்கும். நீ θ-வை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறாய். அப்படிச் செய்யாதே. இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே, சாய்கோடு போட்டு அந்த எழுத்தின் பெயரை எழுது. வரைபட நிரலே அதைத் தன் சொந்த எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். இனிமேல் என்னை அண்ணி என்று எழுத வேண்டாம். உன்மேல் வருத்தம் இல்லை. அண்ணனை வைத்துத்தான் அண்ணி. அவர் வேண்டாம் என்று வந்த பிறகு அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது, வேலையை விட்ட பிறகும் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு திரிவது போல இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் எழுது. ஃபோன் வேண்டாம்.

இப்படிக்கு,
(என்ன போடுவது என்று யோசித்தேன். வேலையைப் போடுகிறேன்.)
படப்பிரிவு மேற்பார்வையாளர்

*

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய படப்பிரிவு மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

இப்படி எழுதும்போது சம்பள உயர்வு கேட்டு விண்ணப்பம் போடுவது போல இருக்கிறது. ஆனாலும் நீங்கள் சொன்னால் சொன்னதுதான்.

முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன். ஆய்வகத்தில் யாருக்கும் நான் பேசுவது புரியவில்லை. மேலாளருக்கு அது நிம்மதியாக இருக்கிறதாம். உங்கள் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க அங்கே ஆள் உண்டா?

நீங்கள் சொன்னபடியே \theta என்று எழுதினேன். கட்டம் போய்விட்டது. ஆனால் அதற்குப் பதிலாகக் கொஞ்சம் இடைவெளியும் அதற்குப் பின்னால் heta என்றும் வருகிறது. தலை வெட்டுப்பட்டுவிட்டது. தாளை வைத்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி, "புதுசா ஏதும் மருந்தாக்கா?" என்று கேட்கிறாள்.

உங்கள் அறையைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். ஜன்னல் இருக்கிறதா? கீழே என்ன இருக்கிறது? வரைபடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். இருந்தாலும்.

வாண்டு

*

பிப்ரவரி 24

வாண்டுவுக்கு,

ஒத்தடத்துக்கு ஆள் எதற்கு? கீழே சலவைக்கடை. விடிந்ததும் இஸ்திரி ஆவி தரை வழியாக மேலே வந்துவிடும். பாயைத் தரையில் போட்டுப் படுத்தால் கழுத்து தானாகச் சரியாகிறது. ஜன்னல் ஒன்று உண்டு. அதற்கு வெளியே அடுத்தவர் சட்டைகள் காய்கின்றன. சலவைக்கடை அம்மாள் என்னை 'மாடி' என்று கூப்பிடுகிறார். "மாடி, தண்ணி வந்துருச்சு, பிடிச்சுக்க!" என்று ஒரு கத்தல். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இப்போது அவர் கத்தாத நாளில் எட்டிப் பார்க்கிறேன்.

heta-வுக்கு வருவோம். கணினிக்குச் சாய்கோடும் t-யும் சேர்ந்து வந்தால் ஓர் உத்தரவு: கொஞ்சம் தள்ளி நில் என்று. நீ எழுத்தின் பெயரை எழுதுகிறாய். அது உத்தரவாக எடுத்துக்கொண்டு தள்ளி நின்றுவிட்டு, மிச்சத்தை அப்படியே அச்சிடுகிறது. இதேபோல ஆல்ஃபாவை எழுதினால் மணி அடிக்கச் சொல்லும் பழைய உத்தரவு. பீட்டாவை எழுதினால் பின்னால் போ என்று உத்தரவு. மியூவும் காமாவும் தப்பித்துவிடும், அவற்றின் முதலெழுத்தில் உத்தரவு எதுவும் இல்லை. அதிர்ஷ்டக்காரிகள்.

மேற்கோள் குறிக்கு முன்னால் r என்று ஓர் எழுத்துப் போடு. 'இதில் உத்தரவு ஒன்றும் இல்லை, உள்ளதை உள்ளபடி படி' என்று அதற்கு அர்த்தம். அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

பக்கத்து மேசைக்காரியிடம் மருந்துதான் என்று சொல். அளவு, காலையில் ஒன்று.

படப்பிரிவு

*

மார்ச் 10

மதிப்புக்குரிய மாடி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆலைப் பேருந்தில் படித்துச் சிரித்தேன். முகக்கவசம் போட்டிருந்ததால் மானம் தப்பியது. நான் நலம். ஆவி பிடிக்க ஆள் வைத்துக்கொள்ளாமலே ஆவி வருகிறது என்றால் நீங்களும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

r போட்டேன். θ வந்துவிட்டது. இப்போது வேறு தொல்லை. இரண்டு வகைப் பூச்சுக்கும் இரண்டு கோடுகள். அவற்றுக்கு β என்று போட்டு, காலடியில் சின்னதாக 1, 2 என்று வர வேண்டும். எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. தாள் உள்ளே இருக்கிறது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். மேசைமேல் உங்கள் உறையைப் பார்த்துவிட்டான்.

"இன்னும் எழுதறாளா?"

"வேலை விஷயம்."

"என்ன வேலை?"

"தீட்டா."

"அது யாரு?"

விளக்கினேன். பாதியிலேயே, "ஃபேன் சத்தம் போடுதே, எண்ணெய் விடலாமா?" என்று எழுந்து போய் ஸ்டூலைத் தேடினான். ஃபேன் சத்தமே போடவில்லை. எண்ணெய் விட்ட பிறகுதான் போடுகிறது.

காலடி எண்ணுக்கு என்ன செய்வது, சொல்லுங்கள். அவசரமில்லை. ஆனால் சொல்லுங்கள்.

வாண்டு

*

மார்ச் 21

வாண்டுவுக்கு,

நீ அனுப்பிய தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

உங்கள் ஆய்வகத்தில் ஒரு பக்கம் அச்சிட்ட தாளை வீணாக்காமல் மறுபக்கத்திலும் அச்சிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரும்போதும் அந்தத் தாள்களைக் கொண்டுவந்து கடைச் சாமான் கணக்கு எழுதுவாய். இதன் பின்பக்கத்தில் இதே வரைபடம் இருக்கிறது. நிமிர்ந்த அச்சில் அழகான θ. கீழே μ. கோடுகளுக்குப் பக்கத்தில் β, காலடியில் 1, 2, அளவெடுத்து வைத்தது போல. ஓரத்தில் அச்சிட்ட தேதி: போன டிசம்பர். உன் முதல் கடிதத்துக்கும் முன்னால்.

ஆக, உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே எனக்காக ஒவ்வொரு எழுத்தாகக் கெடுத்திருக்கிறாய். என் அலுவலகத்தில் புதிதாக வந்தவர்கள்கூட தீட்டாவின் தலையை இவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை.

பொய் சொன்னதற்காக எனக்குக் கோபம் இல்லை. இது உங்கள் குடும்ப வழக்கம் என்பதுதான் கோபம். உன் அண்ணனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்பார். வெளியூருக்கு மாற்றல் வாங்கியதைப் புதுப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துத் தெரியப்படுத்தினார். நான் வருவேனா மாட்டேனா என்று கேட்கவே இல்லை. பெட்டி பெரிதாக இருந்தது, இரண்டு பேர் துணி கொள்ளும். அதுதான் அவர் கேட்ட கேள்வி. பதினாறு வருஷம் உங்கள் வீட்டில் பெட்டியையும் வெயிலையும் பார்த்துப் பதில் சொல்லிக் களைத்துப்போனேன்.

ஒருவரிடம் ஒன்றை வாய் திறந்து கேட்பது அவ்வளவு கஷ்டமா?

*

மார்ச் 28

நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. நானும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பிக்கிறேன். உடம்பு எப்படி என்று கேட்கும் தகுதி இந்த வாரம் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஆமாம், எல்லாம் தெரியும். நீங்கள் ஃபோனை எடுக்கவில்லை. சும்மா கடிதம் எழுதினால் பதில் போட மாட்டீர்கள். தப்பான வரைபடத்தைப் பார்த்தால் உங்கள் கை சும்மா இருக்காது. அதனால் செய்தேன். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து தப்பு தப்பாகச் செய்து பார்த்தேன். எந்தத் தப்பு உங்களை இரண்டு பக்கம் எழுத வைக்கும் என்று யோசித்து யோசித்துச் செய்தேன். வெட்கமாக இருக்கிறது. பதில் வந்த நாட்களில் வெட்கமாக இல்லை.

வாய் திறந்து கேட்பது கஷ்டம்தான். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கேட்காமல் இருக்கும்வரை ஒன்றும் இழக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். இப்போது கேட்கிறேன்.

அண்ணனிடம் திரும்பிப் போங்கள் என்று கேட்கவில்லை. அது உங்கள் விஷயம், அவன் விஷயம். அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு நீங்கள் எழுதித்தான் தெரியும். நீங்கள் வந்தது சரி என்றே எனக்குப் படுகிறது.

நான் கேட்பது எனக்காக. ஆலையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதத்தில், விட்டுவிடுகிறேன் என்று அழுதுகொண்டு வந்தேன். "விடு, ஆனா திங்கக்கிழமை விடு. ஞாயித்துக்கிழமை விட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றீர்கள். இன்னும் அந்தத் திங்கட்கிழமை வரவில்லை. எனக்கு அப்படிச் சொல்ல ஆள் வேண்டும். நீங்கள் எனக்கு அண்ணியாக இருக்க வேண்டும், அண்ணன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இருப்பீர்களா?

ஒரே சொல்லில் பதில் போட்டால் போதும். எந்தச் சொல்லாக இருந்தாலும்.

வாண்டு

*

ஏப்ரல் 20

நீங்கள் பதில் எழுதவில்லை. தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் இருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சலவைக்கடையின் எண்ணைத் தேடிப் பிடித்து ஃபோன் செய்தேன். அந்த அம்மாள், "மாடி நல்லாருக்கு, சட்டைதான் காயல" என்று வைத்துவிட்டார்.

இந்த முறை நிஜமாகவே கெட்டுப்போயிற்று. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள், வெறும் தாள்.

பலகையை அச்சிடக் கொடுத்த கடையிலிருந்து மாதிரி வந்தது. என் சரியான வரைபடத்தைத்தான் கொடுத்தேன். θ இருந்த இடத்தில் காலிக் கட்டம். என் பொய்க்கு யாரோ நகலெடுத்துத் தந்தது மாதிரி இருந்தது. பூச்சின் கனம் μm என்று இருந்ததில் μ-வைக் காணவே காணோம், m மட்டும் நிற்கிறது. மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று சொல்ல வேண்டிய இடத்தில் முழு மீட்டர். மேலாளர் பார்த்தார். "நாப்பது மீட்டர் கனத்துக்கு அடிச்சா வீட்டுக்குள்ள ஆளு எப்படிம்மா போவாங்க?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண்காட்சிக்கு வருகிறவர்கள் சிரித்தால் என் பெயரோடு சேர்த்துச் சிரிப்பார்கள்.

கடைக்காரரிடம் கேட்டேன். "எங்க மெஷின்ல கிரேக்கம் கிடையாதும்மா. வேணும்னா அந்த இடத்துல ஒரு பூ போட்டுத் தரேன்" என்கிறார்.

என்னிடம் உள்ள எழுத்துருக்களையெல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது தீர்ந்துவிட்டது. உதவி வேண்டும். நேராகக் கேட்கிறேன்.

வாண்டு

*

ஏப்ரல் 26

வாண்டுவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. பூ வேண்டாம் என்று சொல்.

எழுத்தை எழுத்தாகக் கொடுத்தால் கடைக்காரரின் கணினி தன்னிடம் அது இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் கட்டம் போடும், அல்லது விழுங்கிவிடும். எழுத்தின் வடிவத்தைக் கோடாக மாற்றிக் கொடுக்க வேண்டும். கோடாகிவிட்டால் அதற்கு யாருடைய எழுத்துருவும் தேவையில்லை. எங்கே கொண்டுபோய் அச்சிட்டாலும் வரைந்தது வரைந்தபடி இருக்கும்.

இதைக் கடிதத்தில் விளக்கினால் நீ நான்கு இடத்தில் தடுக்குவாய், இந்த முறை நிஜமாக. கண்காட்சிக்கு முந்தின நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். காலை ரயிலில் வருகிறேன். நேராக அச்சுக்கடைக்கு வந்துவிடு.

நீ கேட்ட இன்னொன்றுக்கு இதில் பதில் இல்லை. எழுத உட்கார்ந்தேன், ஐந்தாறு தாள் கிழித்தேன். ஆம் என்று எழுதினால் உன் அண்ணனுக்கும் சேர்த்து ஆம் ஆகிவிடுமோ என்று பயம். இல்லை என்று எழுத வரவில்லை.

*

மே 17

அன்புள்ள வாண்டுவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கழுத்து வலி கொஞ்சம் அதிகம். உன் வீட்டுத் தலையணை செங்கல். மாற்று. இருமல் எப்படி இருக்கிறது? மண்டபத்தில் நீ ஒரு முறைகூட இருமவில்லை, கவனித்தேன்.

பலகை நன்றாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தபோதே θ தெரிந்தது. கடைக்காரர் கடைசிவரை, "பூவும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று முணுமுணுத்தாரே, அவருக்கும் ஒரு வணக்கம் சொல். வந்தவர்களுக்கு நீ பதில் சொன்ன விதத்தைப் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரு இடத்திலும் வெயில் ஜாஸ்தி என்று நீ சொல்லவில்லை.

ஆனால் உன் அண்ணனையும் அழைத்திருந்ததை என்னிடம் சொல்லவில்லை. நேராகக் கேட்கக் கற்றுக்கொண்டாய். நேராகச் சொல்வது அடுத்த பாடம் போலிருக்கிறது.

நீ தேநீர் வாங்கப் போயிருந்தபோது நடந்ததை எழுதுகிறேன். உன் அண்ணன் சொல்லியிருக்க மாட்டார்.

நாங்கள் இருவரும் பலகைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம், காவலாளிகள் மாதிரி. அவர் வரைபடத்தைப் பார்த்தார். நானும் வரைபடத்தைப் பார்த்தேன். "ரயில் கூட்டமா இருந்துச்சா?" என்றார். "இல்லை" என்றேன். அதோடு சரி. அப்போது உன் மேலாளர் வந்தார். படம் யார் திருத்தியது என்று கேட்டுக்கொண்டே என்னிடம் வந்து, "நீங்க இந்தம்மாவுக்கு யாரு?" என்றார்.

உன் அண்ணன் என் வாயைப் பார்ப்பது தெரிந்தது. ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்து வைத்தது எதுவும் வரவில்லை. பிறகு, "அவ என் நாத்தனார்" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்துப் பலகைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மேலாளர் விடவில்லை. உன் அண்ணனைக் காட்டி, "அப்போ சாரு உங்களுக்கு?" என்றார்.

"என் நாத்தனாரோட அண்ணன்" என்றேன்.

மேலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு எங்கேயோ இடித்தது. உன் அண்ணனைப் பார்த்தார். உன் அண்ணன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து, "அவங்க சொல்றது சரிதான் சார்" என்றார். நாங்கள் பெட்டியோடும் வெயிலோடும் இருந்த அத்தனை வருஷத்தில், சுற்றி வளைக்காமல் அவர் எனக்குச் சொன்ன முதல் பதில் அதுதான் என்று நினைக்கிறேன். அது மேலாளருக்குச் சொன்ன பதில். பரவாயில்லை.

நான் அவரிடம் திரும்பிப் போகப்போவதில்லை. அதை அவரிடமே வாசலில் சொன்னேன், "புரியுது" என்றார். உன்னிடமும் சொல்லிவிடுகிறேன், நீ எதையும் மறைமுகமாகக் கண்டுபிடிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய். எடுப்பேன். தப்பான வரைபடம் எதுவும் தேவையில்லை.

உறவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதும்போது அவர்கள் வீட்டு மனிதர்களை ஒரு வார்த்தை விசாரிக்காமல் முடிப்பது மரியாதை இல்லை. அதனால் கேட்கிறேன். ரொம்ப இளைத்துத் தெரிந்தார்.

என் நாத்தனாருடைய அண்ணன் சௌக்கியமா?

அன்புடன்,
அண்ணி